ஆறிப்போன சூப்

ரத்த வகை பொருந்திவிட்டது என்று டாக்டர் சொன்னதும் அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கையோடு ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று நினைப்பு.

"உட்காருங்கம்மா. நான் இன்னும் சொல்லி முடிக்கலை" என்றார் டாக்டர்.

அவர் சொல்லி முடித்தபோது அவளால் தலை நிமிர முடியவில்லை.

அவள் கணவருக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. மதுவை ஒரு சொட்டுகூடத் தொட்டறியாத மனிதர். இளம் வயதில் வந்துபோன மஞ்சள் காமாலை, போகாமலே உள்ளே உட்கார்ந்துகொண்டு இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "குடிப்பாரா?" என்றுதான். "டீதான் குடிப்பாரு, அதுவும் அவரே போட்டதுன்னாதான்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போனது. வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பார். அவருடைய தம்பிக்கு ரத்தம் சேரவில்லை. மகளுக்கு வயது போதாது. மிச்சம் இருந்தது மனைவி. அவளுக்குச் சேர்ந்தது. ஒரு பகுதியை வெட்டி எடுத்து அவருக்கு வைத்தால், வெட்டிய இடத்திலும் வைத்த இடத்திலும் அது வளர்ந்துகொள்ளும் என்று டாக்டர் முன்பே விளக்கியிருந்தார்.

ஆனால் அவளுடைய கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது.

"இப்படியே எடுத்தா அவருக்கும் சரியா வேலை செய்யாது, உங்களுக்கும் ஆபத்து. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கறீங்களா?"

"பஸ் ஓட்டறேன் டாக்டர். நின்னுக்கிட்டு ஓட்ட முடியாதே."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. "சாப்பாட்டைக் குறைக்கணும். தினமும் வேர்க்க வேர்க்க நடக்கணும். கொழுப்பு கரைஞ்சிட்டா நான் இந்த ஆபரேஷனைச் செய்வேன். மூணு மாசம் பார்ப்போம். அதுக்கு மேல உங்க வீட்டுக்காரர் தாங்கமாட்டார்."

வெளியே பெஞ்சில் அவரும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது இரண்டு பேரும் ஒன்றாக முகத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "பொருந்திருச்சு. ஆனா நான் கொஞ்சம் குண்டாம். இளைச்சிட்டு வரச் சொல்றாரு."

மகள் ஓவென்று அழுதபடி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"வேண்டாமே, டிரைவர்" என்றார் மெல்ல.

"நீங்க சும்மா இருங்க மாஸ்டர்" என்றாள் அவள். பேச்சு அதோடு முடிந்தது.

வீட்டில் அவள் டிரைவர், அவர் மாஸ்டர். அவர் பெரிய ஓட்டல் ஒன்றில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். பஸ் நிலையத்துக்கு எதிரேதான் அந்த ஓட்டல். பயிற்சிக் காலத்தில் அவள் தினமும் அங்கே போய் ஒரே ஒரு காபி வாங்கிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பாள். "அந்த டிரைவர் மேடத்துக்கு என்ன வேணும்னு கேளுங்கப்பா" என்று உள்ளேயிருந்து வந்த குரலில் ஆரம்பித்தது எல்லாம். அந்தப் பெயர்கள் கல்யாணத்துக்குப் பிறகும் நின்றுவிட்டன. மகளுக்குக்கூட ஒழுங்கான செல்லப் பெயர் கிடைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவள் வாலுதான். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இருக்கிற, ஒல்லியான, வாய் நீண்ட வாலு.

உடற்பயிற்சிக்கு நேரம் எங்கே என்பதுதான் முதல் பிரச்சினையாக இருந்தது. அவளுக்குப் பிளவு டூட்டி. காலைக் கூட்டத்துக்கு ஓட்ட வேண்டும். மத்தியானம் சில மணி நேரம் வண்டி டிப்போவில் நிற்கும். திரும்ப மாலைக் கூட்டத்துக்கு எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சேரும்போது உடம்பு கழற்றிப்போட்ட சட்டை மாதிரி ஆகிவிடும். அந்த மத்தியான இடைவெளியில் ஓய்வறையில் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டித் தூங்குவதுதான் இத்தனை வருட வழக்கம். இருந்ததே அந்த ஒரு நேரம்தான். அதை எடுத்துக்கொண்டாள்.

டிப்போவின் சுற்றுச்சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தாள். வரிசையாக நிற்கிற வண்டிகளின் பின்பக்கம், டீசல் வாடையும் டயர் சூடும் அடிக்கிற பாதை அது. முதல் நாள் பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. பள்ளத்துக்குள் இறங்கி நின்று ஒரு வண்டியின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்த மெக்கானிக் தலையை மட்டும் வெளியே நீட்டினார். ஸ்பேனர் அண்ணன் என்றால்தான் டிப்போவில் அவரைத் தெரியும்.

"என்னம்மா, வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு நீயே கிளம்பிட்டியா?"

"ஆமாண்ணே. எந்த ஸ்டாப்ல இறங்கணும்னு சொல்லுங்க."

"போற வேகத்தைப் பார்த்தா பொழுது சாயறதுக்குள்ள கேன்டீன் வந்திரும்."

சிரித்தவர்கள் ஓரிரு வாரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள். காரணம் தெரிந்த பிறகு யாரும் அவள் எதிரில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பதுகூட இல்லை. ஸ்பேனர் அண்ணன் அவள் நடக்கிற பாதையில் கிடந்த பழைய இரும்புச் சாமான்களை ஒரு பக்கமாக ஒதுக்கிப் போட்டிருந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கடைசி ஸ்டாப்பில் வண்டி நிற்கிற சில நிமிடங்களிலும் அவள் இறங்கி நடந்தாள். காலையில் எழுந்ததும் வாலு அவளைக் கூடத்தில் நிறுத்தி வைத்துக் குனிய வைப்பாள், உட்காரவைத்து எழுப்புவாள். "முட்டி மடங்கணும்மா, மூஞ்சி மடங்கக்கூடாது" என்று அதட்டுவாள். வாத்தியார் வேலைக்கு இவள் போனால் பிள்ளைகள் கதி என்ன ஆகும் என்று அவளுக்குத் தோன்றும்.

சாப்பாடு மாஸ்டர் பொறுப்பு. வேலையை விட்ட பிறகு அவருக்கு மிஞ்சியது வீட்டுச் சமையலறைதான். கால் வீங்கும், கொஞ்ச நேரம் நின்றால் களைத்துப்போவார். அதற்காக ஒரு உயரமான ஸ்டூலை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். உப்பில்லாத அவருடைய பத்தியச் சாப்பாடு ஒரு பாத்திரத்தில் ஏனோதானோவென்று வேகும். இன்னொரு பாத்திரத்தில் அவளுக்குக் காய்கறி சூப். பூசணி, கேரட், காலிஃபிளவர், கீரை என்று தினம் ஒன்று. வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, மிளகு தட்டிப் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் ஊற்றி, விடிவதற்கு முன்பே அவள் பையில் வைத்துவிடுவார். டிப்போ ஓய்வறையில் இருக்கிற மைக்ரோவேவில் வைத்து ஆவி பறக்கச் சூடுபண்ணிக் குடிப்பாள்.

அப்படி ஒரு ருசி. பத்தியச் சாப்பாடு என்றால் வாயில் வைக்க விளங்காது என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்த சூப் ஆச்சரியமாக இருந்தது. பட்டுப்போல நாக்கில் இறங்கியது.

"வெறும் காயை வேக வெச்சே இப்படிப் பண்றீங்களே, கையில என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் ஒருநாள்.

"எல்லாம் கைப்பக்குவம்தான்" என்றார் அவர். சொல்லிவிட்டு ஏற்கெனவே துடைத்துவிட்ட மேடையை மறுபடி துடைத்தார்.

எடை அசையவில்லை.

முதலில் சிறிது இறங்கியதுபோலக் காட்டியது. பிறகு அதே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. குளியலறை வாசலில் எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவாள். மூச்சுக்கு எடை உண்டா என்று வாலு கேட்பாள். அந்த மாதம் முடியும்போது வாலு அதைக் கேட்பதை விட்டிருந்தாள்.

அவள் இன்னும் கூடுதலாக நடந்தாள். காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு துண்டு ரொட்டியையும் நிறுத்தினாள். முட்டி வலித்தது. ஒருநாள் சிக்னலில் பிரேக் மிதித்தபோது சுரீரென்று வலி ஏறி, வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர், "என்னம்மா, தூக்கமா?" என்றார். தூக்கமில்லை ஐயா, பசி என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. நாற்பது உயிர்களை வைத்துக்கொண்டு டிரைவர் சொல்லக்கூடிய பதிலா அது?

ஒன்றரை மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஒரு மாற்றமும் இல்லையே. உண்மையைச் சொல்லுங்க. நடுவுல ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்லை டாக்டர்."

"திட்டறதுக்காகக் கேக்கலை. பசி வந்தா யாரா இருந்தாலும் கை போகும். ஆனா மறைச்சா எனக்கு வழி தெரியாது."

"சத்தியமா இல்லை டாக்டர்."

அவர் தலையசைத்தார். அவர் நம்பவில்லை என்பது அந்தத் தலையசைப்பிலேயே தெரிந்தது. சின்ன வயதில் கடையில் ஏதோ காணாமல் போய், இவளைக் கையை விரித்துக் காட்டச் சொன்னால் எப்படிக் கூசுமோ அப்படிக் கூசியது அவளுக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னாள். வாலு சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தைப் பரப்பியிருந்தாள். அதை மூடினாள்.

"அம்மா, கோவிச்சுக்காத. கேன்டீன்ல ஏதாவது வாங்கித் தின்கிறியா?"

"என்னடி கேக்கற?"

"நான் கூடவா இருக்கேன் அங்க? சூப்பும் காயும் மட்டும் சாப்பிட்டு இவ்வளவு நடந்தா யாரா இருந்தாலும் இளைப்பாங்க. என் ஃபிரெண்டோட அம்மா இளைச்சாங்க. நீ மட்டும் எப்படிம்மா அப்படியே இருக்க?" குரல் உடைந்தது. "அப்பாவுக்காகக்கூட வாயைக் கட்ட முடியலையா உன்னால?"

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவராவது ஒரு வார்த்தை சொல்வார் என்று. குழாயைத் திறந்துவிட்டு அவர் எதையோ கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அவளே சமாதானம் செய்துகொண்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள், மத்தியான வண்டி ஓட்ட வேண்டியவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். "ஒரு டிரிப் மட்டும் எடுத்துக் குடுத்திரும்மா" என்று டிப்போ மேலாளர் கெஞ்சினார். நடக்கவும் முடியவில்லை, சாப்பிடவும் நேரமில்லை. சூப் டப்பாவை ஓய்வறைக் குளிர்பெட்டியில் தள்ளிவிட்டு ஓடினாள். மாலை டூட்டி முடித்த அசதியில் அதை மறந்துவிட்டு ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தபோது அந்த டப்பா கண்ணில் பட்டது. கொட்டிவிடலாம் என்று கழுவுமிடத்துக்கு எடுத்துப் போய் மூடியைத் திறந்தாள்.

மேலே மஞ்சளாக ஒரு படலம், உருக்கி ஊற்றிய மெழுகு உறைந்த மாதிரி. கரண்டியால் தட்டினாள். டொக் என்றது. தட்டிய இடத்தில் அது பிளந்து, கீழே பூசணிக் கூழ் எட்டிப் பார்த்தது. ஒரு துண்டை விரலால் எடுத்தாள். கைச்சூட்டுக்கு அது உருகி, விரலிடுக்கில் வழிந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வெண்ணெய்.

தினமும் அதைச் சூடாக்கித்தான் குடித்திருந்தாள். ஆறவிட்டுப் பார்த்ததே இல்லை.

பையில் இருந்த அன்றைய டப்பாவைத் திறந்தாள். பட்டுப்போல இருந்தது சூப். கைப்பக்குவம்.

நடக்கவில்லை அன்றைக்கு. இரண்டு டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு, தான் ஓட்டாத ஒரு பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனாள். பயணிகளோடு உட்கார்ந்து போவது அவளுக்குப் பழக்கமில்லை. வழியெல்லாம் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவள் டப்பாவை மேடைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். கையிலிருந்த கத்தி நின்றது.

அவர் வாயில் வந்த முதல் வார்த்தை, "நேத்து நீ சாப்பிடவே இல்லையா?" என்பதுதான்.

"மாஸ்டர்!"

"முந்திரியும் இருக்கு" என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு. "அரைச்சுச் சேர்த்தா தெரியாது. பாலாடையும்."

"எத்தனை நாளா?"

"இரண்டாவது வாரத்துல இருந்து."

அவள் ஸ்டூலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன்?" என்றாள். "நான் உங்களைப் பொழைக்க வைக்கணும்னு ஓடறேன். நீங்க உள்ள உட்கார்ந்துகிட்டு என் காலை வாரிவிட்டிருக்கீங்க. ஏன்?"

"வாலு பொறந்தப்போ ஆபரேஷன் பண்ணாங்களே."

"அதுக்கென்ன இப்போ?"

"ரெண்டு நாள் நீ கண்ணு முழிக்கலை."

"ரெண்டு நாள் நல்லாத் தூங்கினேன்னு எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கேன்!"

"நீ சிரிச்ச. எல்லாரும் சிரிச்சாங்க. உனக்கு அது தூக்கம், டிரைவர். நான் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்னுக்கிட்டிருந்தேன். ரத்தம் நிக்கலைன்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து சொன்னாங்க. ஒரு கையில குழந்தை. அதுக்குப் பால் எப்படிக் குடுக்கறதுன்னுகூடத் தெரியாது எனக்கு. ஆயிரம் பேருக்குச் சமைச்சவன்." கத்தியைக் கீழே வைத்தார். "இப்போ மறுபடியும் உன்னை அந்த டேபிள் மேல படுக்க வைக்கணும்கறாங்க. என் பொருட்டு. நல்லா இருக்கிற உடம்பைக் கிழிச்சு. நமக்கு ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆச்சுன்னா, அந்தப் புள்ளைக்கு யாரு?"

"வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே. என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே. சும்மா இருங்கன்னுட்ட."

அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அந்த ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு அவரை அவள் எதுவும் கேட்கவே இல்லை. எந்த நேரம் நடப்பது, எதைச் சாப்பிடுவது, லீவுக்கு யாரிடம் சொல்வது என்று எல்லாவற்றையும் அவளே தீர்மானித்திருந்தாள்.

"அப்புறமும் சொல்ல வாயெடுத்தேன்" என்றார் அவர். "வேண்டாம்னு சொன்னா புள்ளை மூஞ்சியைப் பார்க்க முடியலை. வேணும்னு சொன்னா உன் மூஞ்சியைப் பார்க்க முடியலை. உனக்குக் கொழுப்பு குறையலைன்னா டாக்டரே முடியாதுன்னுடுவார். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை பாரு."

"அதனால வெண்ணெயைப் பதில் சொல்லச் சொல்லிட்டீங்க."

அவர் சீவிய கேரட்டை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. "டாக்டர் என்னைத் திருடி மாதிரி பார்த்தாரு. நான் பெத்தவ என்னைக் கேட்டா, அப்பாவுக்காகக்கூட வாயைக் கட்ட முடியலையான்னு. நீங்க குழாயைத் திறந்துவிட்டுட்டு நின்னீங்க. அது காதுல விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு."

"பயந்தது சரி. அதை நான் மன்னிச்சிருவேன். குழாயைத் திறந்துவிட்டீங்க பாருங்க, அதை எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியலை எனக்கு."

அவர் அழுதார். கல்யாணமான இத்தனை வருடத்தில், உடம்புக்கு இது என்று தெரிந்த அன்றைக்குக்கூட அழாதவர். அவள் எழுந்து பக்கத்தில் போகவில்லை. போக வேண்டும் போலத்தான் இருந்தது. மாலை டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் அவரே வாலுவைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவள் வீடு திரும்பியபோது மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். "சாரிம்மா" என்று ஆரம்பித்தவள் மேலே பேச முடியாமல் அவள் பையை வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "மாத்திரை சாப்பிட்டாச்சா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அவளும் அவருடைய கையால் சாப்பிடுவதை நிறுத்தினாள். அவளுக்குச் சமைக்கவே வராது. வெந்த காயும் வேகாத முட்டையுமாக எதையோ கட்டிக்கொண்டு போனாள். கேரட் தண்ணியில் மிதந்தது. அதை விழுங்கும்போதெல்லாம் பழைய ருசி நாக்கில் வந்து நிற்கும், கோபம் வரும். அவர் சமையலறைப் பக்கம் போகாமல் கூடத்தில் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒருநாள் காலையில் தீய்ந்த வாடை வீடெல்லாம் பரவியபோது, "அடுப்பைக் குறைச்சு வெச்சா அது செத்துப்போகாது" என்றது கூடத்திலிருந்து குரல்.

"நீங்க வந்து பாருங்களேன்" என்றாள், யோசிக்காமல்.

அவர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். எண்ணெய், வெண்ணெய், பால் என்று எல்லாவற்றையும் எடுத்து, கை எட்டாத மேல் அலமாரியில் வைக்கச் சொன்னார் அவளிடம். வெறும் காய், வெறும் தண்ணீர், கொஞ்சம் மிளகு, எலுமிச்சைச் சாறு. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளும் பார்க்கட்டும் என்று மூடியைத் திறந்து வைத்தே சமைத்தார். அன்றைக்கு சூப் நாக்கில் சொரசொரத்தது. ருசி ஒன்றும் பிரமாதமில்லை.

"நல்லா இருக்கா?" என்றார்.

"சுமார்தான்."

"சுமாராத்தான் இருக்கும்" என்றார் அவர், ஒரு தேர்ந்த சமையல்காரனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது என்கிற முகத்தோடு. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெண்ணெய்க்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

இழந்த நாட்கள் இழந்தவைதான். அவருக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது. ஒருநாள் பேச்சு குழறி, வாலுவை யாரென்று தெரியாமல் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரிடம் அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

"மன்னிப்பு இருக்கட்டும் டாக்டர். இன்னும் நேரம் இருக்கா?"

"இருக்கிற நேரத்துல நீங்க இளைக்கணும்."

இளைத்தாள். டிப்போவில் நடை ஓட்டமானது. மழை பெய்த நாட்களில் வண்டி கழுவும் கொட்டகைக்குள் இங்குமங்கும் ஓடினாள். சாயங்காலம் டூட்டி முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு நேரே போய், மாடிப்படி ஏறி, அவர் வார்டுக்குப் போவாள். லிஃப்ட் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சீருடையின் இடுப்பை வாலு பிடித்துத் தைத்தாள். பிறகு இன்னொரு தரம் பிடித்துத் தைத்தாள். ஸ்பேனர் அண்ணன், "போதும்மா, இனிமே காத்தடிச்சா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கோ" என்றார். பசியில் கண் இருட்டிய நாட்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்று, கண் தெளிந்த பிறகே எடுத்தாள். தான் இளைப்பதற்காகப் பயணிகளுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தாள்.

மூன்றாவது ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. டாக்டரின் முகம் புரிந்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் காலையில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். முதலில் அவளை. "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தறாங்களா? இப்பவும் வேண்டாம்னா சொல்லலாம். ஏதோ ஒரு மருத்துவக் காரணம்னு நாங்க சொல்லிக்கறோம். உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது" என்றார் டாக்டர். அவள் பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்வதுபோலச் சட்டென்று, "எனக்குச் சம்மதம்" என்றாள். கையெழுத்தும் நடுங்கவில்லை.

பிறகு அவர் உள்ளே போனார். அவள் தாழ்வாரத்துப் பெஞ்சில் காத்திருந்தாள். கதவு மூடியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவர் இன்னமும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதற்கான உரிமை அவருக்கு இருக்கிறது என்பது இந்த முறை அவளுக்குத் தெரிந்தே இருந்தது. உள்ளே போகும் முன் அவரிடம் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண்கள் மஞ்சளாக, தெளிவாக இருந்தன.

"என்ன கேட்டாரு?"

"வேணுமான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"வேணும்னு சொன்னேன்." "காதுல விழலை, சத்தமாச் சொல்லுங்கன்னாரு. நான் இருக்கணும் டாக்டர், இவங்களோட இன்னும் இருக்கணும்னு சத்தமாச் சொன்னேன். நர்ஸம்மா திரும்பிப் பார்த்துச்சு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இத்தனை மாதமும் ஓட்டத்துக்குப் பின்னால், பசிக்குப் பின்னால், கோபத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, ஓடுவதற்கு இனி இடமில்லை என்று ஆனதும் நேராக வந்து நின்றது.

"மாஸ்டர்."

"ம்."

"எனக்குப் பயமா இருக்கு."

அவர் பயப்படாதே என்று சொல்லவில்லை. அப்படியானால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஊசி ஏறி ஏறிக் கறுத்துப்போன கையால் அவள் கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"முழிக்காமப் போயிட்டா என்ன பண்றதுன்னு இருக்கு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை."

"என்கிட்ட சொல்லு" என்றார் அவர். "எல்லாத்தையும் சொல்லு. நாளைக்குக் கூப்பிடறதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.